பேராசை ஒழிப்புக் கூட்டத்தின் நன்றியுரை

பேராசை என்னும் கொடிய நோய் மனித குலத்தை விட்டு நிரந்தரமாக விடைபெற்றுக்கொண்ட இடம் திருவனந்தபுரம். இன்னும் துல்லியமாகச் சொல்லவேண்டுமானால், ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், மூன்று மின்விசிறிகளில் இரண்டு மட்டும் சுற்றும் ஒரு ஹால். நாள், ஞாயிற்றுக்கிழமை. நேரம், மாலை மூன்றிலிருந்து ஆறு வரை. ஆறு மணிக்கு அதே ஹாலில் பெண்களுக்கான ஜும்பா வகுப்பு இருந்ததால் பேராசை அதற்குள் ஒழிந்தாகவேண்டிய நிர்ப்பந்தம். ஒழிந்தது. ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துளியும் அடுத்த மாதப் பரிசீலனைக் கூட்டத்தில் துடைத்தெடுக்கப்பட்டது.

இந்த அரும்பெரும் காரியத்தைச் சாதித்தது ‘உழைக்கும் மக்கள் வாசகர் வட்டம்’. வட்டத்தில் பதினோரு பேர். ஓய்வுபெற்ற அதிகாரிகள் நால்வர், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் மூவர், வங்கியிலிருந்து தாமாக முன்வந்து ஓய்வுபெற்றவர்கள் இருவர், ஓய்வுபெறவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர். ஆக, பத்து. பதினோராவது ஆள் பூமாரி. பெயர்ப்பலகையில் இருந்த ‘உழைக்கும்’ என்ற சொல்லை அவள் ஒருத்தியே தூக்கிச் சுமந்துகொண்டிருந்தாள்.

பூமாரிக்கு நாற்பத்தொரு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கொத்தனாரான கணவன் பாதி நாள் வேலைக்கும் பாதி நாள் முதுகுவலிக்கும் போய்வர, அவள் சாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளித் தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். பழைய பேப்பர்க் கடையில் கிலோக் கணக்கில் கிடக்கும் புத்தகங்களைப் பொறுக்கிப் படிப்பது அவளுக்குப் பழக்கம். அந்தக் கடையில் வைத்துத்தான் வட்டத்தின் செயலாளர் ராமசுப்ரமணியன் அவளைக் ‘கண்டுபிடித்தார்’. கோட்டைக்குள் அக்ரகாரத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற செக்ஷன் ஆபீசர். நல்ல மனிதர். முப்பது வருஷமாகத் தொழிலாளி வர்க்கத்தை நேசித்துவந்தவருக்கு, ஒரு தொழிலாளியை நேரில் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

வட்டத்தில் அந்த ஆண்டு எடுத்துக்கொண்ட கதை, நூறு வருஷத்துக்கும் முந்தைய ஒரு ருஷ்யக் கதை. ஒரு குடியானவன். அவனுக்கு நிலம் போதவில்லை. காலையில் புறப்பட்டு, சூரியன் விழுவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால், நடந்து வளைத்த நிலமெல்லாம் அவனுக்கு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தூரமாகப் போய்விடுகிறான். கடைசியில் ஓடி வந்து, புறப்பட்ட இடத்தில் செத்து விழுகிறான். கூட வந்த வேலைக்காரன் குழி வெட்டிப் புதைக்கிறான். அவ்வளவுதான் கதை.

இதைப் பற்றி வட்டத்தில் மூன்று மாதம் விவாதம் நடந்தது. பேராசை தவறு என்பதில் எல்லோருக்கும் ஒருமித்த கருத்து. வித்துராவுக்கு அப்பால் ஐந்து ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் பேராசிரியர் தாணுமாலையன், பக்கத்துத் தோட்டத்தைக் கிரயம் பேசப் போன வழியிலிருந்தே போனில் கலந்துகொண்டு, பேராசையின் தோற்றுவாய் பற்றி விளக்கினார். அப்போதுதான், மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூமாரி கையைத் தூக்கினாள்.

“சார், ஒரு சந்தேகம். அந்தக் குழிய வெட்டுன வேலைக்காரனுக்கு எவ்வளவு நிலம் இருந்துச்சு?”

ராமசுப்ரமணியன் புத்தகத்தைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டினார்.

“அது... கதையிலே இல்லையே” என்றார் ராமசுப்ரமணியன்.

“அதான் சார் கேக்கேன். ஏன் இல்ல?”

ராமசுப்ரமணியன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “பூமாரி தோழர், இது சாதாரணக் கேள்வி இல்லே, கேட்டேளா? இதுதான் அசல் மார்க்சியப் பார்வை! எங்களுக்கு ஒருத்தருக்கும் தோணலையே! இதைக் கட்டுரையாப் பண்ணிடுங்கோ. வருஷாந்தரக் கருத்தரங்கிலே உங்களுக்குப் பத்து நிமிஷம்.”

“பத்து நிமிஷமா? எனக்கா?”

“உங்களுக்கேதான். இது வட்டத்தோட வாக்கு.”

பத்து நிமிஷம். பூமாரிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம், ‘நீ பத்து நிமிஷம் பேசு, நாங்கள் கேட்கிறோம்’ என்று சொன்னதில்லை. மண்டியில் முதலாளி அவள் பேசுவதை அரை நிமிஷம்கூடக் கேட்கமாட்டார். வீட்டில் கணவன் கேட்பான், ஆனால் அதற்குள் தூங்கிவிடுவான்.

நான்கு மாதம் எழுதினாள். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம்தான் அவளுக்குக் காகிதம். எழுதி முடித்ததும் மண்டியில் கூட வேலை பார்க்கும் மாடம்மாளை எதிரில் உட்காரவைத்து, போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு வாசித்தாள். பதினான்கு நிமிஷம் வந்தது. வெட்டினாள். பன்னிரண்டு. இன்னும் வெட்டினாள். அழகான ஒரு பத்தி போயிற்று, வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒன்பதரை.

“அந்த அரை நிமிசத்த என்னட்டி பண்ணப்போற?” என்றாள் மாடம்மாள்.

“தண்ணி குடிக்க வேண்டாமா எக்கா?”

கருத்தரங்குக்கு ஒரு மாதம் முன்பு ஆயத்தக் கூட்டம். அதில் நிறைவேறிய ஒரு தீர்மானத்தை வட்டத்தின் வரலாற்றுச் சாதனை என்றே சொல்லவேண்டும். முந்தைய வருஷம் பேச்சாளர்களின் நேரம் முடிந்ததும் மேசையிலிருந்த மணியை அடிக்கும் வழக்கம் இருந்தது. தோழர் திரவியம் அதை எதிர்த்துக் கொதித்து எழுந்தார். இவர் ஏழு சங்கங்களில் தலைவர். ஏழிலும் இளைஞர்களுக்கு வழிவிடத் துடிப்பவர். தகுந்த இளைஞன் கிடைக்காததால் இருபத்தாறு வருஷமாகத் துடித்துக்கொண்டே இருக்கிறார்.

“மணி என்றால் என்ன தோழர்களே? தொழிலாளியை ஆலைக்குள் தள்ளியது மணி. அவன் வாய்க்குள் போன சோற்றைப் பாதியில் பிடுங்கியது மணி. அந்த அடக்குமுறைக் கருவி நம் மேசையில் இருக்கலாமா?”

“இருக்கப்படாது!” என்றார் ராமசுப்ரமணியன்.

“நேரம் பொதுச் சொத்து. அதைத் துண்டு துண்டாக அறுத்து விநியோகிப்பது குட்டி முதலாளித்துவ மனோபாவம்” என்றார் பேராசிரியர். “அவரவர் தேவைக்கேற்ற நேரம். அதுதான் நம் கொள்கை.”

மணி ஒழிப்புத் தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. முதலில் உயர்ந்த கை பூமாரியுடையது. அவள் மண்டியில் முதலாளி மேசைமேல் ஒரு மணி உண்டு. அவர் அழுத்தினால் குடிக்கிற தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடவேண்டும். மணி என்றாலே அவளுக்கு எரிச்சல். அந்தப் பாழாய்ப்போன சத்தம் இல்லாத ஒரு இடம் உலகத்தில் இருக்கட்டுமே என்று மனப்பூர்வமாகக் கையைத் தூக்கினாள். தன் பத்து நிமிஷத்துக்கு இருந்த ஒரே காவலைத் தானே கைதூக்கி வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கருத்தரங்கு நாள் வந்தது. ஓணச் சரக்கு குவியும் நேரம், ஞாயிற்றுக்கிழமையும் மண்டி உண்டு. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கினாள் பூமாரி. அவள் போகிறாள் என்றதும் மாடம்மாளும் பல்வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இருவரும் கையில் மிளகாய் நெடி போகத் தேங்காய் எண்ணெய் தடவிக் கழுவி, புடவை மாற்றி, இரண்டே முக்காலுக்கே ஹாலில் ஆஜர்.

அழைப்பிதழ் பளபளவென்று இருந்தது. வரவேற்புரை, ராமசுப்ரமணியன், ஐந்து நிமிடம். தொடக்கவுரை, தோழர் திரவியம், பதினைந்து. ‘பேராசை: ஒரு மார்க்சிய மறுவாசிப்பு’, பேராசிரியர் தாணுமாலையன், நாற்பது. அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், ‘குழி வெட்டியவன்’, பூமாரி, பத்து நிமிடம். தன் பெயரை அச்சில் பார்த்த பூமாரி அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு விவாதம், நன்றியுரை. எல்லாம் கூட்டினாலும் இரண்டு மணி நேரம்கூட வராது. ஹால் மூன்று மணி நேரத்துக்கு. தாராளம்.

தொடக்கவுரையாளர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. ராமசுப்ரமணியன் வரவேற்றார். திரவியத்தை வரவேற்றார், பேராசிரியரை வரவேற்றார், வந்திருந்த இருபத்துமூன்று பேரையும் வரவேற்றார், வர இயலாதவர்களைப் பெயர் சொல்லி வரவேற்றார். தாம் ருஷ்ய இலக்கியத்துக்குள் வந்த கதையைச் சொன்னார். அதில் அவருடைய அலுவலகம், மாற்றல், மூலவியாதி எல்லாம் இயற்கையாக வந்து சேர்ந்தன. மூன்று ஐம்பது.

திரவியம் தொடங்கிவைத்தார். குத்துவிளக்கு மதச் சடங்கு என்பதால், புத்தகம் ஒன்றைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. திறந்த புத்தகத்தை மூடாமல் பேசினார். தன் ஏழு சங்கங்களில் ஒவ்வொன்றிலும் பேராசைக்கு எதிராக நடந்த போராட்டங்களை வரிசையாகச் சொன்னார். பிறகு பொன்னாடைகள். திரவியத்துக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குத் திரவியம் போர்த்தினார், பேராசிரியருக்கு இருவரும் சேர்ந்து போர்த்தினார்கள். சிவப்புக் கலரில் சரிகை போட்டது. நினைவுப் பரிசுகளும் கைமாறின. நாலு முப்பத்தைந்து.

இடையில் ராமசுப்ரமணியன் பூமாரியின் காதருகே குனிந்தார்.

“பூமாரி தோழர், ஒரு சின்ன ஒத்தாசை. கட்டன் சாயாவும் பருப்பு வடையும் கீழே கடையிலே சொல்லியிருக்கு. கொண்டுவர ஆளில்லை. உங்களுக்குன்னா பழக்கம்...”

பூமாரி இறங்கிப் போனாள். மூன்று நடை. இருபத்தாறு டம்ளர் டீ. மாடம்மாள் வடைத் தட்டைத் தூக்கிவந்து, பொறுப்பாக முதல் வடையைத் தானே சோதித்துப் பார்த்தாள்.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். “நான் சுருக்கமாகவே பேசுவேன்.”

“ஏட்டி, நம்ம மொதலாளியும் ‘ஒரே ஒரு மூட்டை’ன்னுதான ஆரம்பிப்பாரு” என்றாள் மாடம்மாள்.

பேராசிரியரின் உரை மிக ஆழமானது. அந்தக் குடியானவனைப் பேராசைக்காரன் என்று சொல்வதே அபாண்டம் என்றார் அவர். “பேராசை என்பது தனிமனிதக் குணம் அல்ல. தனிமனிதப் பேராசை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அமைப்புதான் ஆசைப்படுகிறது. அந்த மனிதன் நடக்கவில்லை. நிலவுடைமை அமைப்பு அவன் கால்களைக் கொண்டு நடந்தது. அவனாக நினைத்தாலும் நின்றிருக்க முடியாது!”

அதற்கு நிரூபணமாக அவரும் நிற்கவில்லை.

ஐந்தேகால் ஆயிற்று. நாற்பது நிமிஷம் சரியாக முடிந்தது. பூமாரி பைக்குள்ளிருந்து நாள்காட்டித் தாள்களை எடுத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

“இனிமேல்தான் நான் விஷயத்துக்கே வருகிறேன்” என்றார் பேராசிரியர்.

தாள்கள் மறுபடி பைக்குள் போகவில்லை. மடியில் இருந்தன. ஐந்தரைக்கு ராமசுப்ரமணியன் ஒரு துண்டுச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினார். பேராசிரியர் அதை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து உரக்க வாசித்தார். “‘நேரமாகிவிட்டது’ என்று சீட்டு வந்திருக்கிறது. நல்ல கேள்வி. நேரம் என்றால் என்ன?” அந்தக் கேள்விக்கு விடை பதினொரு நிமிஷம்.

மணி இருந்தால் யாராவது அடித்திருப்பார்கள். மணி இல்லை. அதை ஒழித்த கைகளில் தன் கைதான் முதலாவது என்ற நினைப்பு பூமாரிக்கு அப்போதுதான் வந்து சுருக்கென்று குத்தியது.

“எக்கா, நாந்தான கையத் தூக்குனேன்” என்றாள்.

“தூக்குன கையால இப்ப அந்த மைக்கப் பிடுங்குட்டி.”

ஐந்து நாற்பத்தைந்துக்கு ராமசுப்ரமணியன் குனிந்தபடியே வந்து பூமாரியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“பூமாரி தோழர், ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட். நேரம் இப்படி ஆயிடுத்து. விவாதத்தை வெட்டியாச்சு. உங்க கட்டுரையை அடுத்த வருஷக் கருத்தரங்கிலே முதல் அயிட்டமா வச்சுண்டுடலாம்.”

“அடுத்த வருசமா?”

“முதல் அயிட்டம்! நோட்டிலே எழுதிடறேன். இப்போ நன்றியுரை சொல்றவர் ஒரு ரிசப்ஷனுக்குப் போயாச்சு. அதை நீங்க பண்ணிடுங்கோ. நீங்க பேசின மாதிரியும் ஆச்சு. இதோ லிஸ்ட்.”

பதினாறு பெயர். மைக்செட் வைத்தவர் பெயர் இருந்தது. வடை கொடுத்த கடையின் பெயர் இருந்தது.

“சார், நான் ஒன்பதரை நிமிசந்தான் எழுதியிருக்கேன். அளந்து வச்சிருக்கேன்.”

“தெரியும்மா. உங்க ஒழுங்கு யாருக்கு வரும்?” என்று பாராட்டிவிட்டு, குனிந்தபடியே போய்விட்டார்.

பூமாரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. நாலு மாசம் எழுதி, அழகான பத்தியை வெட்டிப்போட்டு, முதலாளி காலில் விழாத குறையாக லீவு கேட்டு, கடைசியில் வடைக்கடைக்கு நன்றி.

ஐந்து ஐம்பதுக்கு வாசலில் ஷூ சத்தம். ஜும்பா வகுப்புப் பெண்கள் டிராக் பேன்ட்டும் டீசர்ட்டுமாக வந்து நின்றார்கள். வகுப்பு நடத்தும் பத்மஜா கையில் பெரிய ஸ்பீக்கர். இந்த வகுப்பைப் பற்றி வட்டத்தில் ஏற்கனவே கண்டனத் தீர்மானம் உண்டு. ‘நுகர்வுக் கலாச்சாரத்தின் வெற்று ஆட்டம்.’

“சாரே, ஆறு மணிக்கு எங்களுக்கு ஹால் வேணும், கேட்டோ?” என்றாள் பத்மஜா.

“இரண்டே நிமிடம்” என்றார் பேராசிரியர். ஏழு நிமிஷம் கழித்து, தொண்டை வறண்டு, வேறு வழியில்லாமல் மைக்கைக் கீழே வைத்தார். எண்பத்திரண்டு நிமிஷம். கைதட்டல். நிம்மதியில் வந்த கைதட்டல் என்பதால் நன்றாகவே ஒலித்தது.

ஐந்து ஐம்பத்தெட்டு. “நன்றியுரை, தோழர் பூமாரி” என்று அறிவித்தார் ராமசுப்ரமணியன்.

பூமாரி மேடைக்குப் போனாள். ஒரு கையில் பதினாறு பெயர். ஒரு கையில் நாள்காட்டித் தாள்கள். கடிகாரத்தைப் பார்த்தாள். பெயர்ப் பட்டியலை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ரெண்டு நிமிசம் இருக்கு. பத்து நிமிசம் தாரேன்னு சொல்லியிருந்தாங்க. எட்டு நிமிசத்த யாரு எடுத்தாங்கன்னு தெரியல. அய்யா சொன்னபடி பாத்தா, யாரும் எடுக்கல, அமைப்புதான் எடுத்திருக்கு. சரி, அமைப்புக்கு நன்றி.”

பின்வரிசையில் மாடம்மாள் மட்டும் கைதட்டினாள்.

“அந்தக் கதையில எல்லாரும் எசமானையே பாக்கீங்க. கூட ஒரு வேலைக்காரன் வந்தான். வண்டியோட்டி, சாமான் சுமந்து, அத்தனை தூரம் வந்தான். எசமான் விழுந்தான். இவன் மண்வெட்டிய எடுத்து, தலையிலேர்ந்து காலு வரைக்கும் அளந்து வெட்டுனான். கதை முடிஞ்சுபோச்சு. அவன் எங்க போனான்? அவனுக்கு வீடு இருந்துச்சா? அவ்வளவு பெரிய கதையில அவனுக்கு ஒரு வரிதான். அந்த வரியும் குழி வெட்டுததுக்கு.”

கடிகாரம் ஆறு காட்டியது. ராமசுப்ரமணியன் அதைச் சுட்டி விரலை உயர்த்தினார். பூமாரி நிறுத்தினாள். பழக்கதோஷம். தாள்களை மடிக்கக் கையும் போயிற்று.

வாசலிலிருந்து குரல் வந்தது. “சேச்சி பேசட்டும் சாரே. எங்களுக்கு அஞ்சாறு மினிட் போனா குழப்பம் ஒண்ணும் இல்லை.” பத்மஜா ஸ்பீக்கரைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். டிராக் பேன்ட் பெண்கள் உள்ளே வந்து, காலியாகிக்கொண்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

பூமாரி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அந்த அரை நிமிஷம் உதவியது.

“எங்கப்பா ஊருல நிலம் அளக்க வாரவங்களுக்குச் சங்கிலி பிடிச்சவரு. அந்த ஊருல அவரு காலு படாத வயலே கிடையாது. எல்லாருக்கும் எல்லை காட்டிக் கல்லு நட்டவரு. அவரு செத்தப்ப ஊரே சொல்லுச்சு, ‘தங்கமான மனுசன், பேராசையே கிடையாது’ன்னு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. பேராசப்படணும்னாலும் முதல்ல ஒரு அடி நிலமாவது வேணும்லா? ஒண்ணுமே இல்லாதவன் எங்கேர்ந்து நடக்க ஆரம்பிப்பான்?”

திரவியம்கூடப் போனைப் பைக்குள் வைத்தார்.

“பேராசை தப்புன்னு அன்னைக்கும் நிலம் இருக்குதவங்கதான் சொன்னாங்க, இன்னைக்கும் இருக்குதவங்கதான் சொல்லுதாங்க. அத மூணு மணி நேரம் கேட்டேன். நடுவுல சாயாவும் கொடுத்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிடுதேன். கதையில வார அந்த ஆளு, சூரியன் விழுததுக்குள்ள திரும்பணுமேன்னு ஒரு பயத்துலயாவது ஓடியாந்தான். இங்க யாருக்கும் அந்தப் பயங்கூட இல்ல. எனக்கு இந்த நேரத்தத் தந்தது அந்த வாசல்ல நின்ன பிள்ளைங்க. அவங்களுக்கு மட்டும் நன்றி.”

ஆறு மணி ஆறு நிமிஷம். அழுதது யார் என்றால், ஜும்பா வகுப்பில் இரண்டு பேர், மாடம்மாள், கொஞ்சமாக ராமசுப்ரமணியன். “பிரமாதம்! பிரமாதம்!” என்று அவர் பூமாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியர் மட்டும் தம் பொன்னாடையை மடித்துக்கொண்டே, “உணர்ச்சி இருக்கு. கோட்பாட்டுத் தெளிவு போதாது” என்றார்.

அடுத்த மாதம் பரிசீலனைக் கூட்டம். ராமசுப்ரமணியன் நடவடிக்கைக் குறிப்பேட்டை வாசித்தார்.

“கருத்தரங்கு மகத்தான வெற்றி. வரவேற்புரை, தொடக்கவுரை, கருத்துரை யாவும் செறிவாக அமைந்தன. ஒரே குறை, நன்றியுரை ஆறு நிமிடம் நீண்டுவிட்டது. அதனால் ஹாலைக் குறித்த நேரத்தில் ஒப்படைக்க இயலாமல், வட்டத்தின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்பட்டது.”

பூமாரி நிமிர்ந்து பார்த்தாள். அவர் குறிப்பேட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“எனவே இனிவரும் கூட்டங்களில் நன்றியுரைக்கு மட்டும் மணி வைப்பதென்று தீர்மானம். அகத்திலே பூஜைக்கு உபரியா ஒண்ணு இருந்தது, கொண்டுவந்திருக்கேன்.” பித்தளை மணி மேசையில் ஏறியது. அதன் காம்பில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது.

தீர்மானத்தை ஆதரித்துப் பேராசிரியர் இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். மற்றவர் நேரத்தை அபகரிப்பதும் ஒருவகைச் சுரண்டல்தான் என்பதை மிகுந்த வேதனையோடு சுட்டிக்காட்டினார். “தோழர் பூமாரியைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் பேராசை உழைக்கும் வர்க்கத்தையும் தொற்றும் என்பதற்கு இது ஒரு சான்று.”

“சார், ஒரு சந்தேகம்” என்று கையைத் தூக்கினாள் பூமாரி. “தனி ஆளுக்குப் பேராசைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, எல்லாம் அமைப்புதான்னு அன்னைக்குச் சொன்னீங்கல்லா?”

“சொன்னேன். இப்பவும் சொல்லுகேன்.”

“அப்ப எனக்கு மட்டும் அது எப்படி வந்துச்சு?”

பேராசிரியர் தம் வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார். “அது ஆய்வுக்குரியது” என்றார்.

“மணியை யார் அடிக்கறது?” என்று கேட்டார் ராமசுப்ரமணியன். கேட்டுவிட்டு, தன்னையறியாமல் பூமாரி பக்கம் பார்த்தார். எல்லோருமே பார்த்தார்கள். வேலை என்று ஒன்று வந்தால் அந்த மூலையைப் பார்ப்பது அவர்களுக்கு இயல்பாகவே வந்தது.

பூமாரி எழுந்தாள். “ஆய்வு பண்ணுங்க சார். மணிய யாரு வேணாலும் அடிச்சுக்கோங்க. ஆனா சாயாவ மட்டும் யாராவது கீழ போய் எடுத்துக்கோங்க.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஹால் வாடகை கட்ட வந்த பத்மஜா வாசலில் எதிர்ப்பட்டாள். இருவரும் ஏதோ பேசிச் சிரிப்பது மாடிவரை கேட்டது.

சாயா எடுக்க யாரும் போகவில்லை. சாயா இல்லாத கூட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவும் இல்லை. வட்டத்தின் வரலாற்றில் குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்த ஒரே கூட்டம் அதுதான். கலையும் முன் ராமசுப்ரமணியன் தம் அழகான கையெழுத்தில் கடைசிக் குறிப்பை எழுதினார். எல்லோரும் கையொப்பமிட்டார்கள்.

“தோழர் பூமாரி வெளியேறியதைத் தொடர்ந்து, வட்டத்தில் பேராசை முற்றிலுமாக ஒழிந்தது என்று ஏகமனதாகப் பதிவு செய்யப்படுகிறது. மீதமுள்ள உறுப்பினர்கள், பத்துப் பேர். இப்படிக்கு, உழைக்கும் மக்கள் வாசகர் வட்டம்.”